நாலு விரல் இடைவெளி

“என் கார் திருடு போகல. காரோட தாழ்வுதான் திருடு போயிருக்கு” என்றார் வந்தவர்.

உதிரி பேனாவை மூடி வைத்தான். இந்த அலுவலகத்தில் காணாமல் போன கணவனைத் தேடியிருக்கிறார்கள், பத்திரத்தைத் தேடியிருக்கிறார்கள், ஒருமுறை கண்ணெதிரே மேஜைமேல் இருந்த மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடியிருக்கிறார்கள். தாழ்வைத் தேடச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

உதிரிக்கு நாற்பத்திரண்டு வயது. இதற்கு முன் பார்த்த ஆறு வேலைகளிலும் ‘இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்றே அவனை வைத்திருந்தார்கள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஏழாவதாக வாய்த்தது இந்தத் துப்பறியும் உதவியாளர் உத்தியோகம். எதிரே அமர்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்த மேடம், இருபது வருஷம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியவர். பம்பர் பொய் சொல்லாது, டிரைவர்தான் சொல்வான் என்பது அந்த இருபது வருஷத்தில் அவர் கற்ற ஒரே பாடம். அதை வைத்துத்தான் இந்த போர்டையே மாட்டியிருந்தார்.

“முதல்ல உக்காருங்க” என்றார் மேடம், சோபாவைக் காட்டி.

“பரவாயில்ல, நிக்கிறேன்.”

வந்தவர் விறைப்பாக நின்றார். அவர் நின்ற பக்கமிருந்து தைல வாசனை வந்தது. தாழ்த்திய கார் வைத்திருப்போர் கிளப்பின் தலைவராம். தலைவர்கள் நின்றால்தான் போட்டோவில் நன்றாக விழுவார்கள் என்று உதிரி நினைத்துக்கொண்டான்.

“தாழ்த்தறதுன்னா?” என்று கேட்டான்.

தலைவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “கம்பெனி குடுக்கிற ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, வெளியில விக்கிற குட்டை ஸ்பிரிங்கைப் போடணும். வண்டி தரையோட படுத்துக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எத்தனை விரல் நுழையுதுன்னு பார்ப்போம். சாதாரண ஜனங்களோட வண்டியில நாலு விரல் போகும். எங்க கிளப்புல சேரவே ரெண்டு விரலுக்குள்ள இருக்கணும். நான் ஒரு விரல்.”

“ஓ. மத்த சங்கத்துல ஒசந்தாத்தான் பதவி. உங்க சங்கத்துல தாழ்ந்தாத்தான் பதவி.”

“உதிரி” என்றார் மேடம். அவன் பேனாவைத் திறந்தான்.

தலைவர் சொன்னது இவ்வளவுதான். ஐந்து மாதம் முன்பு ஜாக்கி அக்கா என்கிற மெக்கானிக்கிடம் குட்டை ஸ்பிரிங் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு காரைத் துடைத்து, கவர் போட்டு மூடினார். இன்று செவ்வாய். காலையில் கவரைத் தூக்கினால், கார் பழைய உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. குட்டை ஸ்பிரிங் நாலும் போய், கம்பெனி ஸ்பிரிங் நாலும் திரும்பி வந்திருக்கிறது.

“பழைய ஸ்பிரிங்கெல்லாம் எங்க இருந்துச்சு?” என்றார் மேடம்.

“அவங்க கடையிலயே விட்டுட்டேன். எனக்கு எதுக்கு? அப்ப அவங்களைத் தவிர வேற யாரு மேடம் அதைக் கொண்டாந்து மாட்டியிருக்க முடியும்? சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளப் கூட்டம். தீர்மானம் போட்டு, அப்படியே போலீஸ்ல புகார் குடுக்கப் போறோம். உங்க ரிப்போர்ட்டையும் இணைச்சுட்டாப் போதும்.”

“ரிப்போர்ட்ல என்ன இருக்கணும்?”

“அவங்கதான் எடுத்தாங்கன்னு.”

“அதான் உங்களுக்கே தெரியுதே. நாங்க எதுக்கு?” என்றான் உதிரி.

“உங்ககிட்ட லெட்டர்ஹெட் இருக்குல்ல” என்றார் தலைவர்.

மேடத்தின் பென்சில் முனை முறிந்தது. அவர் மறுபடி சீவத் தொடங்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தலைவரின் வீட்டு வாசலில் கார் நின்றது. மற்ற எந்தக் காரையும் போலத்தான் நின்றது. அதுதான் அவருக்கு அவமானம்.

“கை வெச்சுப் பாருங்க தம்பி” என்றார் தலைவர், உதிரியிடம். உதிரி குனிந்து டயருக்கு மேலே கையை நுழைத்தான். நாலு விரலும் தாராளமாகப் போயின, கட்டை விரலும் வரட்டுமா என்று கேட்டது.

மேடம் சாவியை வாங்கி, உதிரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீளமான தெருவில் ஒரு சுற்றுப் போனார். நடுவில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். உதிரி மனதுக்குள் குலதெய்வத்தைத் தேட ஆரம்பித்தான். கார் இந்தப் பக்கமும் இழுக்காமல் அந்தப் பக்கமும் இழுக்காமல், நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. திரும்பி வந்து ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கைப் போட்டார். இரண்டு வெளிச்சமும் ஒரே மட்டத்தில், இருக்கவேண்டிய உயரத்தில் விழுந்தன.

“வண்டியோட உயரம் மாறினா சக்கரம் நேரா நிக்காது, வெளிச்சம் வானத்தைப் பார்க்கும். மறுபடி அலைன்மென்ட் மெஷின்ல ஏத்தி, லைட்டையும் சரி பண்ணணும்” என்றார் மேடம். “இங்க எல்லாம் பண்ணியிருக்கு.”

“திருடினவன் சர்வீஸும் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்கானா? அவன் விலாசம் கிடைச்சா என் ஸ்கூட்டரையும் திருடச் சொல்லலாம்.”

“இந்த வண்டியில போறவங்க நல்லாப் போகணும்னு நெனச்ச யாரோ ஒருத்தர் பண்ணின வேலை இது” என்றார் மேடம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் தலைவரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தலைவர் வாசலில் யாருடனோ போனில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். கார் தாழ்ந்திருந்தபோது எப்படி இருந்தது என்று மேடம் கேட்டதுதான் தாமதம்.

“எப்படி இருந்துச்சா? எங்க தெருவுல மூணு ஸ்பீட் பிரேக்கர். ஆள் உக்காந்திருந்தா வண்டி அடி தட்டும்னு மூணுலயும் என்னை இறக்கி விட்டுடுவாரு. அவர் வளைஞ்சு நெளிஞ்சு தாண்டிப் போவாரு. நான் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிப்போய் ஏறணும். நீங்களே சொல்லுங்க, அஞ்சு மாசமா நான் கார்ல போனேன்னு சொல்றதா, கார் பின்னாடி போனேன்னு சொல்றதா?”

உதிரியின் பேனா வேகமாக ஓடியது. நோக்கம் என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டான்.

“இப்ப ஸ்பிரிங் போனதுல உங்களுக்கு வருத்தமே இல்ல?” என்று கேட்டான்.

“எனக்கு என் வருத்தம். அந்த மாடிப்படி அடியில இரும்பு ஸ்டாண்டுல குரோட்டன்ஸ் தொட்டி நாலு வெச்சிருந்தேன், அழகா ஒசரமா இருக்கும். வியாழக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பார்க்கிறேன், தொட்டியெல்லாம் தரையில உக்காந்திருக்கு, ஸ்டாண்டைக் காணோம். கேட்டா ‘எனக்கு ஸ்டாண்டைப் பார்க்கிறதுதான் வேலையா’ங்கிறாரு. இப்ப இவர் ஸ்பிரிங் போயிடுச்சுன்னு ஊரையே கூட்டுறாரு. என் ஸ்டாண்டுக்கு எந்தத் துப்பறிவாளர் வரப்போறாங்க?”

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று நினைத்தபடி உதிரி நோட்டை மூடினான். மேடம் மாடிப்படி அருகே போய்க் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார். செருப்பு வார் அறுந்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

ஜாக்கி அக்காவின் பட்டறை, தகரக் கூரை போட்ட ஒரே ஒரு ஷெட். அவர்கள் போனபோது ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்கள் “யாரு?” என்றன. மேடம் சொன்னதும் ஜாக்கி அக்கா பலகையோடு உருண்டு வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கும் முகம், அதில் கிரீஸ் கறை. அழுதிருந்தார், ஆனால் அதைக் கிரீஸ் கறை மறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க. அந்த டயர் சுத்தமானதுதான்” என்றார்.

“தலைவர் வண்டியில ஸ்பிரிங்கை நீங்க எடுத்தீங்களா?” என்று உதிரி நேராகக் கேட்டான்.

“முன்பக்க ஸ்பிரிங்கைக் கழட்டணும்னா அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேணும். ஏமாந்தா தெறிச்சு வந்து தாடையைப் பேத்துடும். நாலையும் மாத்த எனக்கு அரை நாளு ஆகும். அவர் ஜன்னலுக்குக் கீழ இருட்டுல ஒக்காந்து, அவர் கொறட்டையைக் கேட்டுக்கிட்டே நான் இதைப் பண்ணினேனாக்கும்?” அக்கா கையைத் துணியில் துடைத்தார். “அன்னிக்கே சொன்னேன் மேடம். இவ்வளவு குட்டை ஸ்பிரிங் கட்டை மாதிரி இருக்கும், பள்ளத்தை அது வாங்காது, உங்க முதுகுதான் வாங்கும், ஒரு விரல் வேணாம், ரெண்டரை விரலோட நிறுத்திக்கலாம்னு. ‘உங்களுக்கு ஜாக்கி புடிக்கத் தெரியும், ரசனை தெரியாது’ன்னாரு. போட்டுக் குடுத்தேன்.”

“பழைய ஸ்பிரிங்கை என்ன பண்ணினீங்க?” என்றார் மேடம்.

“அதை நான் வெச்சுக்கவே மாட்டேன். கார்க்காரர் பொருள் கார்க்காரர்கிட்ட. எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுவேன்.” ஒரு நோட்டைத் தேடி எடுத்து விரித்தார். ‘பழைய ஸ்பிரிங் நான்கும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே, ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டு தலைவரின் கையெழுத்து கிடந்தது. காரைத் தாழ்த்தியவர் கையெழுத்தைத் தாழ்த்தியிருக்கவில்லை.

“இதை அவர்கிட்ட காட்டலையா?”

“போன்ல சொன்னேன். அப்புறம் திரும்பக் கொண்டுபோய்க் கடையில வெச்சுட்டேன்ங்கிறாரு. நான் பார்க்கலைன்னா அது என் அஜாக்கிரதையாம்.” அக்கா நோட்டை மூடினார். “மொத்தம் பதினாறு பேரு அந்தக் கிளப்புல. அவங்களை நம்பித்தான் இந்த ஷெட்டு. காலையிலேர்ந்து பதினோரு பேரு வேலை வேணாம்னு போன் பண்ணிட்டாங்க. அதுகூடப் போகட்டும். திருடின்னு போலீஸ்ல எழுதிட்டா, அப்புறம் யாரு மேடம் கார் சாவியை என் கையில குடுப்பாங்க?”

உதிரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

“ஆறு மணிக்குக் கூட்டத்துக்கு வாங்க” என்றார் மேடம்.

“என்னைத் திருடின்னு தீர்மானம் போடறதைக் கை தட்டிப் பார்க்கவா?”

“வாங்க.”

திரும்பும் வழியில் உதிரி துள்ளிக் குதித்தான். “பிடிச்சுட்டேன் மேடம். பழைய ஸ்பிரிங் வீட்டுலதான் இருந்திருக்கு. வீட்டுல இருந்த பொருளை எடுக்கணும்னா வீட்டு ஆள்தான் எடுக்கணும். வண்டியில போறவங்க நல்லாப் போகணும்னு நெனச்சது யாரு? ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் ஓடின அந்தம்மாதான். வேற ஒரு பட்டறைக்கு ஆள் சொல்லி மாத்திட்டாங்க.”

“அப்படியா? ரிப்போர்ட் எழுது.”

எழுதினான். மூன்று பக்கம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேஸை மேடத்துக்கு முன் முடித்துவிட்ட பூரிப்பில் கடைசி வரியில் ஒரு பொன்மொழிகூடச் சேர்த்தான். மேடம் படிக்காமலேயே மடித்துப் பைக்குள் வைத்தார்.

பெரிய கடை ஒன்றின் பின்புறம் இருந்த வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம். பதினைந்து கார்கள் தரையைக் கவ்விக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. தலைவரின் கார் மட்டும் நடுவில், தண்டனை வாங்கிய மாணவன் போல உயரமாக நின்றது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் காரிலிருந்து இறங்கும் அழகே அழகு. முதலில் ஒரு கால் வரும். பிறகு கதவைப் பிடித்த கை வரும். பிறகு ஒரு முனகல் வரும். கடைசியாகத்தான் ஆள் வருவார்.

ஓரத்தில் ஜாக்கி அக்கா முகம் கழுவி நின்றிருந்தார். கழுவியதால் அழுதது தெரிந்தது.

“தீர்மானத்துக்கு முன்னாடி துப்பறிவாளரோட ரிப்போர்ட்டை வாசிச்சுடுவோம்” என்றார் தலைவர்.

“நீங்களே வாசிங்க” என்று மேடம் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அதைத் தலைவரின் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த காரின் பானெட்மீது வைத்தார். முழங்காலுக்குச் சற்று மேலே இருந்த பானெட் அது.

தலைவர் காகிதத்தைப் பார்த்தார். காகிதம் தலைவரைப் பார்த்தது.

“தம்பி, அதை எடுத்துக் குடுங்க” என்றார் உதிரியிடம்.

உதிரி கையை நீட்டினான். “நீ சும்மா இரு” என்றார் மேடம்.

பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் முதுகை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி, நேராகக் கீழே இறங்கப் பார்த்தார். பாதி தூரம் போனார். அங்கேயே நின்றுவிட்டார். மேலே வரவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

யாராவது சிரிப்பார்கள் என்று உதிரி எதிர்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவர்களை அறியாமலே ஒவ்வொருவர் கையும் அவரவர் இடுப்பின் பின்பக்கம் போயிருந்தது.

“ஆபீஸ்ல நீங்க சோபாவுல உக்காரல” என்றார் மேடம், குரலை உயர்த்தாமல். “வீட்டுல விரல் வெக்கக் குனியல. உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில தரையில நாலு துரு வட்டம் இருக்கு. தொட்டியை நகத்திப் பார்த்து அளந்தேன், ஸ்பிரிங்கோட அளவு. உங்க மனைவி ஸ்டாண்டுன்னு நெனச்சுத் தொட்டி வெச்சிருந்தது உங்க பழைய ஸ்பிரிங் மேல. அது ஞாயித்துக்கிழமை மத்தியானமே அங்க இல்ல. திருடு போனதா நீங்க சொல்றது அன்னிக்கு ராத்திரிக்கு அப்புறம். வியாழக்கிழமையிலேர்ந்து அதுவரைக்கும் அவங்க ஊர்லயே இல்ல. வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தர்தான்.”

உதிரி தன் நோட்டில் நோக்கம் என்று எழுதி அடிக்கோடு போட்ட பக்கத்தை மெதுவாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

தலைவர் அதே பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தபடி பேசினார். குரலில் தலைவர் யாரும் இல்லை. “நாலு மாசமாத் தூக்கம் இல்ல மேடம். சின்னக் கல்லு மேல ஏறினாக்கூட முதுகெலும்பு வழியா மண்டைக்கு ஏறும். டாக்டர் காரை மாத்துங்கன்னுட்டாரு. சனிக்கிழமை ஊருக்கு வெளியில ஒரு பட்டறைக்குப் போய் மாத்திக்கிட்டு வந்து, அப்பவே கவர் போட்டு மூடிட்டேன். அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். அப்புறந்தான் கிளப்புல என்ன சொல்றதுன்னு…”

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவர் மீசையைக் காப்பாற்ற ஒரு பெண்ணைத் திருடியாக்கத் துணிந்திருந்தார். உதிரிக்குக் கோபம் வந்தது. அந்த ஆள் நின்ற கோலத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜாக்கி அக்கா முன்னால் வந்தார். தலைவரின் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்து, “மூச்சை விடுங்க, இப்ப நிமிருங்க” என்று ஒரே தூக்கில் நிறுத்தினார். நிறுத்தியதும் கையை எடுத்துக்கொண்டார்.

“இப்ப சொல்லுங்க” என்றார்.

“மன்னிச்சுடுங்க அக்கா.”

“அது எனக்கு. இவங்களுக்குச் சொல்லுங்க.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “திருடு எதுவும் போகல. நான்தான் மாத்தினேன். அக்கா மேல சொன்னது பொய்.”

பிறகு கிளப்பின் செயலாளர், அடுத்த தலைவர் நான்தான் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கும் ஆள், அக்காவின் பக்கம் மெதுவாக நகர்ந்து வந்தார். வருகிறபோதே ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் வந்தார்.

“அக்கா, நாளைக்குக் கடை உண்டுல்ல? என் வண்டியைக் கொஞ்சம்… சும்மா செக் பண்ணணும்.”

“என்ன செக்?”

“அதான்… அந்த ஸ்பிரிங்கு… பழையது வீட்டுல இருக்கு…” என்று குரலைத் தாழ்த்தினார்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். காலையில் போன் செய்து வேலை வேண்டாம் என்ற பதினோரு பேரும் எப்படியோ ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

ஜாக்கி அக்கா ரசீது நோட்டை வெளியே எடுக்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, செயலாளரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

“என் காதுல சொன்னாப் பத்தாது. வண்டியை ஒசத்தணும்னு நான்தான் கேட்டேன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. இல்லாட்டி வர்ற செவ்வாய்க்கிழமை உங்க ஸ்பிரிங்கையும் நான்தான் திருடியிருப்பேன்.”

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். அவருக்கு வசதியாகப் பார்க்க முடிந்த திசை அது ஒன்றுதான்.

“என் வண்டியை ஒசத்தணும்” என்றார் செயலாளர். “நான்தான் கேட்டேன்.”

“சத்தமா.”

அவர் சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்றவர் தன் முறைக்காகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.